உச்சிவேளைப் பேய்

எனக்கு இங்கிலீஷ் படிப்பு அதிகமில்லை. இன்டர்மீடியட்டோடு நின்றுவிட்டவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இங்கிலீஷ் புஸ்தகம் படிக்கும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை. இதில் ஒரு லாபமும் உண்டு. நன்றாகப் படித்தவர்கள் தெரியாத வார்த்தை வந்தால் முன்பின் வாக்கியங்களை வைத்து அர்த்தம் ஊகித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சாத்தியமில்லை. தடுக்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

அப்படி நான் தடுக்கி உட்கார்ந்த ஒரு வார்த்தையைப் பற்றி எழுத உத்தேசம். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1923ல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி ஒன்று பழைய புஸ்தகக் கடையில் கிடைத்தது. அதில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே இந்த வார்த்தைதான்: அக்ஸிடி. ஏதோ விபத்து சம்பந்தப்பட்டதாக்கும் என்று முதலில் நினைத்தேன். என்னிடமிருந்த சின்ன அகராதியில் அது இல்லவே இல்லை. நண்பர் வீட்டுப் பெரிய அகராதியில் சோம்பல் என்று அர்த்தம் போட்டு, வழக்கில் இல்லாத சொல் என்று ஒரு குறியும் போட்டிருந்தது.

அந்த அர்த்தம் போதாது என்பது என் கட்சி. போதாதது மட்டுமல்ல, வார்த்தை பிறந்தபோது சுட்டிய விஷயத்துக்குக் கிட்டத்தட்ட நேர் எதிரான இடத்தில் கொண்டுபோய் அது நம்மை விட்டுவிடுகிறது.

வார்த்தையின் பூர்வீகம் கிரேக்கம். 'கேதோஸ்' என்றால் அக்கறை, கவலை. இறந்தவனுக்காகப் படும் துக்கம், அவனுக்குச் செய்யும் கடன் என்றும் அதன் பொருள் விரியும். முன்னால் ஒரு 'அ' சேர்த்தால் இல்லை என்றாகிறது, நம் ஸம்ஸ்கிருதத்தில் ஆவது மாதிரியேதான். அகேதியா என்றால் அக்கறையின்மை. ஹோமரின் இலியட் கடைசிக் காண்டத்தில் கிழவன் பிரியம் தன் மகன் ஹெக்டரின் பிணத்தைக் கேட்டு அகிலீஸிடம் வருகிறான். ஆசனம் காட்டினால் உட்கார மறுக்கிறான். மகன் கேட்பாரற்றுக் கிடக்கும்போது தனக்கு ஆசனம் ஒரு கேடா என்கிறான். கேட்பாரற்று என்று நான் சொன்ன இடத்தில் அங்கே நிற்பது இந்தச் சொல்லின் நெருங்கிய உறவுதான். அதாவது, யாருமே வந்து எடுத்துப் போடாத பிணத்தின் நிலை.

பிணத்துக்குச் சொன்னதை உயிருள்ள மனசுக்குச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது. கருங்கடலை ஒட்டிய பிரதேசத்தில், இன்றைய துருக்கியில், கி.பி. 345 வாக்கில் பிறந்த எவாக்ரியஸ் என்பவர் அவர். கான்ஸ்டாண்டிநோபிளில் பெரிய பிரசங்கியாகப் பேர் எடுத்துக்கொண்டிருந்தவர், ஓர் உயர்குடும்பத்துப் பெண்மணியிடம் மனசைப் பறிகொடுத்தார். அவள் மணமானவள். அவமானம் வருமுன் ஊரைவிட்டு ஓடி ஜெருஸலேமுக்குப் போய், அங்கிருந்து எகிப்துப் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அறைகள் என்றே பெயர் பெற்ற ஒரு துறவிகள் குடியிருப்பில் பதினான்கு வருஷம் போல வாழ்ந்து 399ல் இறந்தார். பிழைப்புக்காக ஏடு பிரதி செய்தார் என்றும், சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குத்தான் வருஷத்தில் எழுதினார் என்றும் அவருடைய சீடர் பல்லாடியஸ் குறித்திருக்கிறார். ஆக, அவரும் ஒரு எழுத்துத் தொழிலாளிதான்.

துறவியின் மனசில் வந்து புகும் எட்டுப் பொல்லாத எண்ணங்களை அவர் வகைப்படுத்தினார். பெருந்தீனி, காமம், பேராசை, துக்கம், கோபம், அகேதியா, வீண் புகழ், கர்வம். ஒவ்வொன்றையும் ஒரு பேயாகவே வைத்துப் பேசுகிறார். இவற்றுள் மிகவும் பாரமானது என்று அவர் சொல்வது காமத்தையோ கர்வத்தையோ அல்ல, அகேதியாவைத்தான். அதற்கு உச்சிவேளைப் பேய் என்றும் பேர். இந்தப் பேர் அவர் இட்டதல்ல, பைபிளின் சங்கீதத்திலிருந்து வந்தது. ஹீப்ரூ மூலத்தில் நண்பகலில் பாழாக்கும் கேடு என்று இருந்ததைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் நண்பகல் பேய் என்று ஆக்கிவிட்டார்கள். உச்சிவேளையில் புளியந்தோப்புப் பக்கம் போகாதே, முனி உலாவும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பேய் காலை பத்து மணி சுமாருக்கு வரும், பிற்பகல் இரண்டு மணிவரை துறவியை முற்றுகையிடும் என்கிறார் எவாக்ரியஸ். முதலில் ஸூரியன் நகரவில்லை என்று தோன்றும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். ஜன்னலைப் பார்க்கச் சொல்லும். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று ஸூரியனை அண்ணாந்து பார்க்கச் சொல்லும். யாராவது சக துறவி வருகிறானா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கச் சொல்லும். பிறகு இருக்கும் இடத்தின் மேல் வெறுப்பு வரும். செய்கிற தொழில் மேல் வெறுப்பு வரும். சகோதரர்களுக்குள் முன்போல அன்பு இல்லை, தேறுதல் சொல்ல ஒருவருமில்லை என்று தோன்றும். சமீபத்தில் யாராவது மனசைப் புண்படுத்தியிருந்தால் அதையும் பேய் எடுத்து வைத்துக்கொள்ளும். வேறோர் இடம் இருக்கிறது, அங்கே பிழைப்பு சுலபம், தொழிலும் நன்றாக நடக்கும், கடவுளுக்கு இந்த இடம் அந்த இடம் என்று உண்டா என்ன என்று நியாயம் பேசும். கடைசியில் வீட்டு மனிதர்களின் ஞாபகத்தைக் கிளப்பும். இன்னும் எத்தனை வருஷம் இப்படியே கிடக்க வேண்டும் என்று ஆயுளை நீட்டிக் காட்டும். துறவி அறையை விட்டு ஓடினால்தான் பேய்க்குத் திருப்தி.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட திகைப்பை மறைப்பதற்கில்லை. அந்தச் சமயம் ஒரு நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் நின்றுபோயிருந்தேன். நாலு மாசம். தினம் காலை பத்து மணிக்கு மேஜை முன் உட்காருவேன். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பேன். தெருவில் தபால்காரர் வருகிறாரா என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சமையலறைப் பக்கம் போய் வருவேன். தமிழ் நாட்டில் ரஸனை செத்துப்போய்விட்டது, எழுத்தாளர்களுக்குள் முன்போல ஒட்டுதல் இல்லை என்று எண்ணுவேன். ஒரு விமரிசகர் இரண்டு வருஷத்துக்கு முன் எழுதின ஒரு வரி சொல்லுக்குச் சொல் ஞாபகம் வரும். மலைப்பக்கமாக ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போனால் எழுத வந்துவிடும் என்று தோன்றும். போகத்தான் போனேன், ஒரு தடவை. அங்கே ஜன்னல் இன்னும் பெரியதாக இருந்தது.

இதை நான் என் தனிப்பட்ட விதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் வரிசைக்கிரமம்கூடத் தப்பாமல் எழுதிவைத்திருக்கிறார் என்றால், விதி என்று சொல்லிக்கொள்ளும் பெருமையும் போய்விடுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவாக்ரியஸின் துறவி தூங்கவில்லை, படுக்கவும் இல்லை. எழுகிறான், எட்டிப் பார்க்கிறான், நடக்கிறான், வாதாடுகிறான், பிரயாணத் திட்டம் போடுகிறான். சோம்பேறிக்கு இத்தனை வேலை ஏது? இருக்கிற இடத்தில் இருக்க முடியாமையே அவன் வியாதி. சோம்பல் என்ற அர்த்தம் போதாது என்று நான் சொன்னது இதனால்தான்.

அப்படியானால் அது எப்படிச் சோம்பலாயிற்று? இது ஒரு தனிக் கதை. எவாக்ரியஸோடு பழகிய வட்டத்திலிருந்த காஸியன் என்பவர் இந்த வித்தையை மேற்கே பிரான்ஸுக்குக் கொண்டுபோய் லத்தீனில் எழுதினார். அவர் இதைச் சலிப்பு, நெஞ்சின் பதற்றம் என்று இரண்டு விதமாகவும் சொல்லி மூலத்துக்கு உண்மையாகவே நடந்துகொண்டார். எவாக்ரியஸ் செத்து நூற்றைம்பது வருஷத்துக்குப் பின், 553ல் கூடிய சபையை ஒட்டி அவருடைய கொள்கைகள் சில கண்டனத்துக்கு உள்ளாயின. அவர் நூல்களில் சில ஸிரிய மொழியிலும், வேறு சில பிறத்தியார் பேரிலுமாகத் தப்பிப் பிழைத்தன. எழுதினவர் பேர் போயிற்று, அவர் கண்டுபிடித்த பேய் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று.

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் கிரிகரி பட்டியலை ஏழாகச் சுருக்கினார். அகேதியாவுக்கு அதில் தனி இடமில்லை, துக்கத்தோடு கலந்துவிட்டது. பின்வந்தவர்கள் துக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி இதை வைத்தார்கள். எழுத்தும் மாறிற்று. லத்தீன்காரர்கள் 'அக்ஸிடியா' என்று எழுதப் போக, அது புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் வியாக்கியானம் செய்தார். நல்ல காரியங்களை நாவில் புளிக்கச் செய்வதால் அந்தப் பேராம். மொழி நூல்படி இது தப்பு. ஆனாலும் தப்பான வியாக்கியானங்களுள் இது உயர்ந்த ரகம் என்றே சொல்வேன். அதே நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், இது தெய்வீக நன்மையைக் கண்டு ஏற்படும் துக்கம் என்று விளக்கினார். நன்மை இல்லையே என்ற துக்கம் அல்ல. அது இருக்கிறதே, நம்மை அழைக்கிறதே என்ற துக்கம். இது ஆழமான பேச்சு. எழுத வேண்டியது கண்முன் நிற்கும்போதுதான் எழுத்தாளனுக்கு மேஜை கசக்கிறது. எழுத ஒன்றுமில்லாதவன் நிம்மதியாகவே இருக்கிறான்.

இங்கிலீஷில் இந்தச் சொல் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1400ல் இறந்த சாஸர், கான்டர்பரிக் கதைகளின் கடைசியில் பாதிரியார் சொல்லும் வசனப் பிரசங்கத்தில் அக்ஸிடிக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். அங்கே அதற்கு மருந்தாக அவர் சொல்வது சுறுசுறுப்பை அல்ல, மன உறுதியை. அதுவரை வார்த்தைக்கு உயிர் இருந்தது. ஆனால் 1590ல் வெளிவந்த ஸ்பென்ஸரின் காவியத்துக்கு வந்தால், ஏழு பாவங்கள் ஊர்வலம் போகும் இடத்தில் முதலில் வருவது சோம்பல். துறவி வேஷத்தில், கழுதை மேல் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டு வருகிறது. ஒரு கணம் உட்கார விடாமல் ஆளை விரட்டிய உச்சிவேளைப் பேய், கழுதை மேல் தூங்கும் துறவியாக முடிந்துவிட்டது. பேர் மாறினதோடு நிற்கவில்லை, பேய்க்கே ஆள்மாறாட்டம் நடந்துவிட்டது. மடங்கள் மூடப்பட்டுத் துறவிகள் கேலிப்பொருளான தேசத்தில், துறவியின் நுட்பமான நோவுக்கு ஒரு சொல் எதற்கு என்று இங்கிலீஷ்காரர்கள் நினைத்தார்கள் போலும். வார்த்தை மங்கிப்போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் மறுபடி தலைகாட்டிற்று. 1891ல் பிரான்ஸிஸ் பேஜட் என்ற பாதிரியார் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிறகு வந்தவர்தான் நம் ஹக்ஸ்லி.

ஹக்ஸ்லியின் கட்டுரை புத்திசாலித்தனமானது. மத்திய காலத்தில் பாவமாக இருந்தது, பிறகு வியாதியாயிற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிதைக்குரிய உயர்ந்த உணர்ச்சியாகிவிட்டது என்று அழகாகச் சொல்கிறார். இது முக்கால்வாசி சரி. போதலேர் 1857ல் வெளியிட்ட கவிதைத் தொகுதியில் சலிப்புக்கு ஒரு ராஜ கிரீடமே சூட்டியிருக்கிறார். ஆனால் இந்தச் சலிப்பு இப்படிப் பெருகினதற்கு ஹக்ஸ்லி சொல்லும் காரணங்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1789ன் பிரெஞ்சுப் புரட்சி ஏமாற்றிவிட்டது, யந்திர நாகரிகம் ஊர்களை அசிங்கப்படுத்திவிட்டது, 1914ன் யுத்தம் நம்பிக்கையை அழித்துவிட்டது. ஆகவே நமக்குச் சலித்துக்கொள்ள நியாயம் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

எவாக்ரியஸின் பாலைவனத்தில் யந்திரம் ஏது? புகைபோக்கி ஏது? மணலும் ஓலையும் தண்ணீர்க் குடமும்தான் இருந்தன. பேய் அங்கேயும் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. காலம் கெட்டுவிட்டது, ஆகவே என்னால் முடியவில்லை என்பது அந்தப் பேயைப் பற்றிய விளக்கமல்ல. அந்தப் பேயே காதில் ஓதும் வாக்கியங்களுள் ஒன்று. சகோதரர்களிடம் அன்பு போய்விட்டது என்று துறவியிடம் சொன்னதும் இதே குரல்தான். ஹக்ஸ்லி பேயைப் பேட்டி கண்டு அது சொன்னதைச் சரித்திரமாக எழுதிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவலாசிரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கான்சரோவின் ஆப்லமாவ் 1859ல் வந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனமில்லாத அந்த ஜமீன்தாரைச் சிலர் அக்ஸிடிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆப்லமாவுக்குத் தன் படுக்கை பிரியமானது. அவர் சோம்பேறி, இனிமையான சோம்பேறி. உண்மையான உதாரணம் அதற்கு இரண்டு வருஷம் முன் புஸ்தகமான பிளாபேரின் மாதாம் பொவாரி. எம்மா ஜன்னலண்டை நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சந்தோஷம் சில ஊர்களின் மண்ணில்தான் விளையும், இந்த ஊரில் விளையாது என்று நம்புகிறாள். ஊர் மாறுகிறாள், ஆள் மாறுகிறாள், ஜன்னல் மட்டும் கூடவே வருகிறது. எவாக்ரியஸ் அரைப் பக்கத்தில் சொன்னதை பிளாபேர் ஐந்து வருஷம் உட்கார்ந்து ஒரு நாவலாக எழுதினார். அந்த ஐந்து வருஷமும் அவர் தன் மேஜையை விட்டு ஓடாதிருந்தார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2001ல் ஆண்ட்ரூ ஸாலமன் மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதிய பெரிய நூலுக்கு நண்பகல் பேய் என்றே பேர் வைத்தார். பேர் பொருத்தம்தான். ஆனாலும் மனச்சோர்வு நோய் வேறு, வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். படுத்துவிட்டவனிடம் போய், எழுந்து உட்கார், வேலையைப் பார் என்று புராதனத் துறவியின் உபதேசத்தைச் சொல்வது கொடுமை. நான் பேசுவது காலும் கையும் நன்றாக இருந்து, தப்பி ஓட வழி தேடுகிறவனைப் பற்றி.

மருந்து என்ன? அறையை விட்டுப் போகாதே என்பதுதான் எவாக்ரியஸின் முதல் வைத்தியம். அந்தோனி முனிவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பாலைவனத்தில் இந்தச் சலிப்பு பிடித்து அவர் தவிக்கையில், தம்மைப் போலவே ஒருவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அவன் கயிறு திரித்தான், எழுந்து ஜபம் செய்தான், மறுபடி உட்கார்ந்து கயிறு திரித்தான். அவன் தேவதூதன். உபதேசம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. இப்படிச் செய், பிழைப்பாய் என்றதோடு சரி.

எனக்கு அதைவிட மறக்க முடியாதது காஸியன் சொல்லும் பவுல் என்ற கிழவரின் கதை. அவர் இருந்த இடத்திலிருந்து ஊர் ஏழு நாள் பிரயாணம். கூடை முடைந்தால் விற்க முடியாது. கூடை விலையைவிட வண்டிக்கூலி அதிகம். ஆயினும் தினமும் ஓலை சேகரித்து, இன்ன அளவு என்று விதித்துக்கொண்டு முடைந்தார். வருஷக் கடைசியில் குகை நிரம்பிவிடும். அப்போது அத்தனையையும் தீ வைத்துக் கொளுத்திவிட்டு மறுநாள் புதிதாக ஓலை சேகரிக்கப் போவார்.

என் வீட்டுப் பரணில் முதல் நாவலின் விற்காத பிரதிகள் இரண்டு கட்டு இருக்கின்றன. பவுலின் கதையைப் படித்த அன்று பரணை அண்ணாந்து பார்த்தேன். கொளுத்தும் தைரியம் எனக்கில்லை, துறவி அல்லவே. ஆனால் விற்காத கூடையும் முடையத்தக்கதுதானா என்ற கேள்வியிலிருந்து அதற்குப்பின் என்னால் தப்ப முடியவில்லை. முடைந்ததால்தான் கிழவர் அந்தக் குகையில் மனிதராக இருந்தார். கூடை என்னவாயிற்று என்பது அப்புறம்.

கடைசியாக, இந்த வார்த்தைக்குத் தமிழ் என்ன? சோம்பல் என்பதைத் தள்ளிவிட்டோம். வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் கவலை குடியைப் பற்றியது. மடியால் குடும்பம் கெடுவதைச் சொல்கிறார். குடும்பமே இல்லாமல் தனி அறையில் இருப்பவன் கேடு அவருக்கு அங்கே விஷயமல்ல. அலுப்பு உடம்பைச் சேர்ந்தது. விரக்தி என்றால் நாம் அதைக் கௌரவமாக்கிவிடுகிறோம். பேய்க்கு அதுதான் வேண்டும். ஒரு வாரம் இப்படிப் பண்டிதர்களைத் தேடி அலைந்தேன்.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். நாலாவது தடவையாக வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தாயார் முறத்தை நிறுத்திவிட்டு, "ஏண்டா, உனக்கு இருப்புக் கொள்ளலையா?" என்றாள்.

இருப்புக் கொள்ளாமை. இதைவிட நெருங்கின சொல் எனக்கு அகப்படவில்லை. எவாக்ரியஸ் சொல்லும் வெறுப்பும் புளிப்பும் இதில் இல்லைதான். அந்த அளவுக்கு மொழிபெயர்ப்புக் குறை உண்டு. ஆனால் வியாதியின் மூலம் இதில் இருக்கிறது. இருக்கிற இடத்தில் இருக்க மாட்டாமை. மருந்தும் அதே சொல்லில்தான் இருக்கிறது. படித்த புஸ்தகங்களைப் பற்றித் தாயாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று அரைப் பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்ததில் நன்றாக இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மறுபடி ஆரம்பித்தேன்.